பின்பக்கம் காலி இல்லை

கோபத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு ஒரு தொல்லை உண்டு. யாரும் நம்ப மாட்டார்கள். இத்தனை வயது வரைக்கும் வேடிக்கை பேசியே காலம் தள்ளிவிட்டேன். கல்யாண வீடோ, இழவு வீடோ, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் மாறும் நேரமோ, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பக்கத்திலிருப்பவர் சிரிக்கத் தயாராகிவிடுவார். போதாக்குறைக்கு, கோபம் வந்தால் என் குரல் ஏறிப்போய்க் கீச்சிடும். நான் உண்மையாகவே கொதித்துப்போன சந்தர்ப்பங்களில் எல்லாம் கூடியிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். இந்தக் கேசட் விவகாரத்திலும் அதுதான் நடந்தது. எழுத்தில் கீச்சுக் குரல் கேட்காது என்ற ஒரே தைரியத்தில் எழுதுகிறேன்.

என்னிடம் ஒரு பழைய கேசட் ரெக்கார்டர் இருக்கிறது. சாதாரண ரெக்கார்டர் இல்லை, நான்கு தடங்கள் கொண்டது. லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் ஒரு சீனர் அதைக் கரவோக்கே மிஷின் என்று சொல்லி விற்றார். நானும் கரவோக்கே மிஷின்தான் என்று ஒப்புக்கொண்டு, கரவோக்கே விலையிலேயே வாங்கிவந்தேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி அதைச் சுற்றிவந்து பார்த்தாள். ரேடியோ வருமா என்றாள். வராது. நேரம் காட்டுமா? காட்டாது. ரேடியோவும் வராத, மணியும் காட்டாத இந்தப் பெட்டி மாதிரி வீட்டில் ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கிறாரே என்றாள். என்னைத்தான் சொன்னாள்.

இந்த மிஷினைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். நாம் அந்தக் காலத்தில் பாட்டுக் கேட்ட கேசட்டில் முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு உண்டு. நாடாவின் அகலத்தில் பாதி முன்பக்கத்துக்கு, மீதிப் பாதி பின்பக்கத்துக்கு. திருப்பிப் போட்டால் மறுபாதி எதிர்த்திசையில் ஓடும். என் மிஷின் அப்படிச் செய்யாது. நாடாவின் முழு அகலத்தையும் நாலு வழிச் சாலை மாதிரி பிரித்து, நான்கையும் ஒரே திசையில் ஓட்டும். அதுவும் சாதாரண கேசட் ரேடியோவைவிட இரண்டு மடங்கு வேகத்தில். முதல் தடத்தில் கித்தார் வாசிப்பேன். அதைக் கேட்டுக்கொண்டே இரண்டாவதில் பேஸ் கித்தார், மூன்றாவதில் கீபோர்டு. நான்காவதில் குரல். ஒருவனே நாலு பேராகிவிடலாம். ஆனால் அந்தக் கேசட்டுக்குப் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. அதைத் திருப்பிப் போட்டு ரேடியோவில் பதிந்தால், மூன்றாவதும் நான்காவதும் போய்விடும். அந்த இடத்தில் புதியது தலைகீழாக ஏறிவிடும்.

இது எனக்குத் தெரியும். என் மச்சானுக்குத் தெரியாது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். எங்கள் தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில் இருக்கிறார். பகலில் ஒரு கப்பல் சரக்கு ஆபீசில் வேலை, வாரக் கடைசியில் அறிவிப்பாளர். கல்யாண விருந்து, பிறந்தநாள் விருந்து, கோயில் நிதி விருந்து, மைக் எங்கே இருக்கிறதோ அங்கே அவர் இருப்பார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. மைக் கையில் இல்லாதபோது தங்கமானவர். அவருடைய காரில் இன்னமும் கேசட் பிளேயர்தான். புதியதாக மாற்ற மாட்டார். மேடையில் பேசப்போவதை முன்கூட்டியே கேசட்டில் பேசி வைத்துக்கொண்டு, தீவுக்கு வரும் பாலத்தின் மேல் காரோட்டியபடி தன் குரலைத் தானே கேட்டு ரசித்துத் திருத்திக்கொள்வது அவருடைய வழக்கம். பாலத்தில் நெரிசல் என்றால் நாமெல்லாம் திட்டுவோம். அவர் மட்டும் சந்தோஷப்படுவார்.

என் மனைவிக்குக் கட்டைக் குரல். பாடினால் ஆழத்திலிருந்து வரும். அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோது ஒரு கோயில் விழாவில் பாடியிருக்கிறாள். பாடி முடித்ததும், அப்போதே மைக் பிடிக்கத் தொடங்கியிருந்த அவளுடைய அண்ணன், “இதுவரை பாடியது என் தம்பி அல்ல, தங்கச்சிதான், தயவுசெய்து நம்புங்கள்” என்று அறிவித்திருக்கிறார். கூட்டம் சிரித்தது. அவள் அதோடு பாடுவதை நிறுத்திவிட்டாள். இது எனக்கு அவள் சொல்லித் தெரியவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் மச்சான் சொல்லித் தெரியும். தன்னுடைய முதல் மேடை நகைச்சுவை என்று பெருமையாகச் சொல்வார்.

அவள் பாடிக் கேட்க வேண்டுமென்றால் சமையலறையில் காற்றாடி இரைச்சலோடு ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அவள் மீன் செதில் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும், நான் வீட்டில் இருப்பது அவளுக்குத் தெரியக்கூடாது. மூன்றும் சேர்வது அபூர்வம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு என் சொந்த வீட்டுக்குள் திருடன் மாதிரி நுழைந்து கேட்டிருக்கிறேன். ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு, எனக்காகப் பாடு என்று வருஷக்கணக்காகக் கெஞ்சினேன். நான் பாடினால் கீழ்வீட்டு ஆண்ட்டி ஜன்னலைச் சாத்துகிறார், என் பாட்டுக்கு வேறு கதி இல்லை என்றும் சொல்லிப் பார்த்தேன். ஆண்ட்டி பாவம் என்றாள்.

கடைசியில் அவளை இணங்க வைத்தது அந்தக் கரவோக்கே மிஷின்தான். ஒரு நாள் நான் கித்தார் பதிந்துகொண்டிருந்தபோது வாசலில் நின்று கேட்டாள்.

“இது வாட்ஸாப்ல போகாதுல்ல?”

போகாது, யாராவது வயர் மாட்டி எடுத்தால்தான் உண்டு என்றேன்.

“அப்ப ஒரு தடவ பாடறேன். ஒரே தடவதான். அப்புறம் கேக்கக் கூடாது.”

பாட்டு நான் எழுதியது. படகுத்துறையில் ஃபெரிக்காகக் காத்திருக்கும் ஒருத்தியைப் பற்றியது. இலக்கியம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். வரவேண்டியவன் வரவில்லை, ஃபெரி மட்டும் வந்து வந்து போகிறது, அவ்வளவுதான் விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறிவிட்டு ஸ்டோர் ரூமில் பதிந்தோம். அரிசி மூட்டையைத் தள்ளி இடம் பண்ணினேன். பழைய மெத்தையைக் கதவின்மேல் சாய்த்தேன். காற்றாடியை நிறுத்தினேன். வெக்கையில் இருவருக்கும் வேர்த்துக் கொட்டியது. முன்பாதியை அவள் தயங்கித் தயங்கித்தான் பாடினாள், யாரோ ஒட்டுக்கேட்பது போல. பிறகு பாட்டின் நடுவில் கித்தார் மட்டும் வரும் இடம் ஒன்று உண்டு. அது முடிந்து அவள் மறுபடி எடுத்தபோது குரல் திறந்துகொண்டது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் எந்த நகைச்சுவையும் எனக்குத் தோன்றவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பாடி முடித்ததும் ஹெட்போனைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு, மீன் ஊறிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டாள். நான் மிஷினை நிறுத்திவிட்டு அவள் பின்னாலேயே ஓடினேன். நாடாவைப் பின்னுக்கு ஓட்டவில்லை. பாட்டு முடிந்த இடத்திலேயே கேசட் நின்றது.

சமையலறையில் நான் அவளைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது மச்சான் சாப்பிட வந்தார். கையில் ஒரு குறிப்புத் தாள், வாயில் அந்த வாரக் கல்யாணத்துக்கான வாழ்த்துரை. வெற்றுக் கேசட் ஏதும் இருக்கிறதா என்று ஹாலிலிருந்து கேட்டார். சந்தோஷ மிதப்பில் நான், ஸ்டோர் ரூமில் டப்பாவில் இருக்கிறது எடுத்துக்கொள்ளுங்கள் என்று கத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து அவருடைய மேடைக் குரல் லேசாகக் கேட்டது. எங்கள் பேச்சுக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று ஸ்டோர் ரூம் கதவைச் சாத்தியிருக்கிறார். என்ன ஒரு நாகரிகம் என்று என் மனைவியிடம் கிண்டலாகச் சொன்னேன்.

சாப்பிட்டு ஏப்பம் விட்டு அவர் செருப்பு மாட்டும்போதுதான் பார்த்தேன். மெல்லிய, பூப்போட்ட பாத்தேக் சட்டைப் பையில் ஒரு கேசட். மேலே என் கையெழுத்து.

“மச்சான், அது எங்க இருந்தது?” என்றேன்.

“டப்பாவுல எல்லாம் பிளாஸ்டிக் சுத்தின புதுசா இருந்துச்சு. புதுச ஏன் உடைக்கணும்னு மிஷின்ல கெடந்தத எடுத்து, ஹால்ல இருந்த ரேடியோவ உள்ள கொண்டுபோய் அதுல போட்டுப் பேசினேன். பயப்படாத லா மச்சான். உன் பாட்டு இருக்கற பக்கத்தத் தொடவே இல்ல. திருப்பிப் போட்டுத்தான் பேசினேன். பின்பக்கம் காலிதானே?”

கவனியுங்கள். அந்த மனிதர் ஒரு தப்பும் செய்யவில்லை. எங்கள் காலத்தில் பின்பக்கத்தைக் காலியாக விடுவது பாவம். முன்பக்கம் பக்திப் பாட்டு, பின்பக்கம் மாமாவின் கல்யாணம் என்று நாடாவை நுனி வரைக்கும் நிரப்பிப் பழகியவர்கள் நாங்கள். புதியதை உடைக்க மனம் வராமல், என் பாட்டைக் கெடுக்க மனம் வராமல், எங்களுக்குத் தொந்தரவு கொடுக்க மனம் வராமல், மரியாதைமேல் மரியாதையாகச் செய்து, இருபது முப்பது வருஷத்துக்குப் பிறகு வாயைத் திறந்த ஒருத்தியின் குரலை அழித்துவிட்டார். அதுவும் யார்? அவளை முதலில் வாயடைத்த அதே ஆள். ஒரு கெட்டவன் செய்திருந்தால் நிம்மதியாகத் திட்டியிருக்கலாம்.

நான் திட்டினேன். என்னென்னவோ சொன்னேன். பின்பக்கமே கிடையாது, அதற்குப் பின்பக்கமே கிடையாது என்று கத்தினேன். குரல் வழக்கம்போல ஏறிக் கீச்சிட்டது. மச்சானின் முகம் மலர்ந்தது. கேசட்டைப் பிடுங்க நான் அவர் பையில் கைவிட்டபோது அவருக்குக் கூச்சம் வந்து நெளிந்தார். நாடகத்துக்குப் போயிருக்கலாம் நீ, நல்ல எதிர்காலம் இருந்தது என்றார். எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்து, என்னைக் கண்டதும் சிரித்துவிட்டு மூடிக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் செய்த அத்தனை கோமாளித்தனத்தின் பலனையும் அந்த வாசலில் ஒரே தவணையில் அனுபவித்தேன்.

என் மனைவி ஈரக் கையோடு பின்னால் நின்றாள். எல்லாம் கேட்டாள். உள்ளே போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினாள். காற்றாடியைக்கூடப் போடவில்லை.

அவர் போன பிறகு கேசட்டை மிஷினில் போட்டுக் கேட்டேன். முன்பாதி அப்படியே இருந்தது, தயக்கமும் வியர்வையும் எல்லாம். கித்தார் மட்டும் வரும் இடம் வந்தது. அவள் மறுபடி எடுக்க வேண்டிய இடத்தில், மச்சான். பின்பக்கத்தில் பேசியதால் தலைகீழாக, என் மிஷினின் இரட்டை வேகத்தில், குடித்துவிட்ட அணில் ஒன்று மந்திரம் ஓதுவது போல. வாழ்த்துரை, மாலை, மணமக்கள் எல்லாமே வாலிலிருந்து தலைக்கு ஓடின. கீழே என் கித்தாரும் பேஸும் ஒன்றும் தெரியாத அப்பாவிகளாக வாசித்துக்கொண்டே போயின.

அந்த வாரம் முழுக்க நான் தூங்கி எழுந்ததும் கோபம், தொழிற்சாலை பஸ்ஸில் கோபம், கோப்பி குடிக்கும்போது கோபம். பழிவாங்கத் திட்டம் போட்டேன். சனிக்கிழமை மச்சான் பேசப்போகும் விருந்தில் ஒலிபெருக்கி போடுகிறவர் எனக்குத் தெரிந்தவர். அணில் மந்திரத்தை ஃபோனில் ஏற்றி அவரிடம் கொடுத்துவிட்டால், மச்சான் “சபையோருக்கு வணக்கம்” என்று வாயைத் திறக்கும்போது அது ஒலிக்கும். இதைவிட நல்ல திட்டம் எனக்கு ஆயுளில் தோன்றியதில்லை. மனைவியிடம் சொன்னேன். மகிழ்ந்துபோவாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அண்ணன் எனக்குப் பண்ணதத்தானே நீங்க அவருக்குப் பண்ணப் போறீங்க? மைக்க வச்சு ஒருத்தரக் காட்டிச் சிரிக்கறது.”

இரண்டும் ஒன்றில்லை என்று வாதாட வாயெடுத்தேன். என்ன வித்தியாசம் என்று யோசித்ததில் சனிக்கிழமை போய்விட்டது. விருந்தில் மச்சான் பிரமாதமாகப் பேசியதாகக் கேள்வி. அதற்கும் கோபப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளே அண்ணனை வரச்சொல்லியிருந்தாள். என்னிடம் சொல்லவில்லை. அவர் பாலிக் புலாவ் பழத் தோட்டங்கள் வரை போய், சமாதானத்துக்கு ஒரு கூடை டுரியான் பழத்தோடு வந்து நின்றார். தான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை, ஆனால் தங்கை ஒரு வாரமாக ஃபோனை எடுக்கவில்லை என்பது புரிந்திருந்தது. அவள் கூடையை வாங்கி ஹாலில் வைத்தாள். அவரை நேராக ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப்போய் அரிசி மூட்டைமேல் உட்காரவைத்து, ஹெட்போனை அவர் தலையில் மாட்டினாள். என்னைப் பார்த்து, போடுங்க என்றாள்.

போட்டேன். நான் இன்னொரு ஹெட்போனில் கேட்டபடி அவர் முகத்தைப் பார்த்தேன். முதலில் யார் பாடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்ததும் தங்கையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். முன்பாதி முழுக்கத் தரையைத்தான் பார்த்தார். அணில் வந்தபோது பழக்க தோஷத்தில் சிரித்துவிட்டார். எப்போதும் அவரோடு சேர்ந்து சிரிக்க ஆள் இருக்கும். அன்று இல்லை. நான்கூட இல்லை. சிரிப்பு பாதியில் நின்றது.

“நல்லாக் கேட்டியாண்ணே?” என்றாள். “இதுலயும் நீதான் பேசற.”

அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஏதோ சொல்லத் தொடங்கினார். குரல் என்னமா இருக்கு தங்கச்சி என்று மேடைத் தமிழில் ஓர் ஆலாபனை கிளம்பியது.

“இப்பப் பேசாத. நான் பாடி முடிக்கற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது. அங்கயே உக்காரு.”

நான் திகைத்துப் போனேன். ஒரே தடவை என்று சொன்னவள். என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

“ஒரு தடவதான் பாடுவேன்னு சொன்னேன். அது இன்னும் முடியல லா.”

இந்த மிஷினில் ஒரு வசதி உண்டு. பாட்டை ஓடவிட்டு, வேண்டிய இடம் வந்ததும் காலால் ஒரு பெடலை அழுத்தினால், அந்த இடத்திலிருந்து ஒரு தடத்தில் மட்டும் பழையது அழிந்து புதியது பதியும். அசல் பெடல் கிடைக்காததால் நான் ஒரு வாசல்மணிச் சுவிட்சைப் பலகையில் அறைந்து வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பது வழக்கம். அவள் பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, என் காலைத் தள்ளிவிட்டாள்.

மெத்தையைச் சாய்த்தேன். காற்றாடி நின்றது. ஹாலிலிருந்து டுரியான் வாசம் கதவிடுக்கு வழியாக வந்தது. பாட்டு ஓடியது. அவளுடைய தயக்கக் குரல் காதில் ஓடிக்கொண்டிருக்க, அவள் அண்ணனைப் பார்த்தபடி நின்றாள். கித்தார் மட்டும் வரும் இடம் முடியப்போகும்போது பெடலை மிதித்தாள். வாசல்மணியை அழுத்தும் மிதி இல்லை அது. கரப்பான்பூச்சியை மிதிக்கும் மிதி.

பாடினாள். முந்தின வாரம் திறந்துகொண்ட அந்தக் குரல் இல்லை இது. அது திரும்ப வரவே இல்லை, வராது, அதற்காக நான் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன். இது வேறு. நான் ஃபெரிக்காகக் காத்திருக்கும் ஒரு சோகப் பெண்ணை எழுதியிருந்தேன். அதே வார்த்தைகளை வைத்துக்கொண்டு அவள், ஃபெரி கம்பெனிக்கே கேள்வி கேட்டாள். ஒவ்வொரு வரியும் அணிலை விழுங்கிக்கொண்டே போனது. மச்சான் மூட்டைமேல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். மைக் பக்கத்தில் இருந்தும் பேசாமல் அவர் உட்கார்ந்திருந்தது அனேகமாக அதுதான் முதல் முறை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வெக்கையாக இருக்கலாம், எனக்குத் தெரியாது, அவருக்கு நான் சலுகை தரத் தயாராக இல்லை. கடைசி வரி முடிந்து கித்தார் அடங்கும் நேரத்தில், அடக்க முடியாமல் லேசாகத் தொண்டையைச் செருமினார். அது பதிந்துவிட்டது. இன்றைக்கும் பாட்டின் முடிவில் அது இருக்கிறது. அழிக்கவா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றாள்.

ஹெட்போனைக் கழற்றினாள். “சாப்டுட்டுப் போண்ணே” என்றாள், போய்விட்டாள்.

கேசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்கள் உண்டு. அவற்றை உடைத்துவிட்டால் எந்த ரேடியோவிலும் அதில் மறுபடி பதிய முடியாது. மச்சான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்குருடிரைவரை எடுத்து, ஒவ்வொன்றாக, தேவைக்கு அதிகமான சத்தத்தோடு உடைத்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடித் திறந்தார். லிஃப்ட் வரைக்கும் கூடப்போனபோது, காரில் போட்டுக் கேட்க ஒரு பிரதி கிடைக்குமா என்று தணிந்த குரலில் கேட்டார். பின்பக்கத்தில் எதுவும் பேச மாட்டேன் என்று சத்தியமும் செய்தார். அவளைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். கோபத்தில் லிஃப்ட் பொத்தானை அழுத்தினேன்.

இப்போது பாட்டைக் கேட்டால் நடுவில் ஒட்டுப்போட்ட இடம் யாருக்கும் தெரியும். ஒருத்தி பயந்து பயந்து பாடிக்கொண்டு வருகிறாள், கொஞ்சம் கித்தார், அப்புறம் வேறொருத்தி வந்து நிற்கிறாள். அதை இழைத்துச் சமமாக்க முயலவில்லை. எனக்கு அந்தத் திறமையும் இல்லை.

ஒன்று மட்டும் பாக்கி. மூன்றாவது தடத்தில் பின்பாதியில் அணில் இன்னும் அப்படியே இருக்கிறது; அங்கே அந்தத் தடத்தை ஒலிக்காமல் நிறுத்தித்தான் கேட்கிறோம். அதில்தான் என் கீபோர்டு இருந்தது. எத்தனையோ நாள் விரல் தேய வாசித்துப் பதிந்த கீபோர்டு. அதுவும் அதே நாளில்தான் அழிந்தது, அதையும் அதே மனிதர்தான் அழித்தார், ஆனால் இன்றுவரை ஒருவர்கூட அதைப் பற்றி விசாரிக்கவில்லை. போன வாரம் நானே பேச்செடுத்தேன். பற்கள் இருந்த ஓட்டையில் டேப் ஒட்டிவிட்டு அதை மறுபடி வாசித்துவிடட்டுமா என்று மனைவியிடம் கேட்டேன்.

கேட்டு யோசித்தாள். நியாயமாகவே யோசித்தாள்.

“வேணாங்க,” என்றாள். “முன்பாதியிலயும் அத நிறுத்திடுங்க. இல்லாமத்தான் நல்லாருக்கு.”

நான் கத்தினேன். குரல் ஏறிக் கீச்சிட்டது. அவள் சிரித்தாள்.